ஹம்ப்புக்கு முன்பே வந்த அழுகை

என் மகள் ஹம்ப் வருவதற்கு முன்பே அழுவாள்.

மைசூரில் வேகத்தடையை யாரும் வேகத்தடை என்று சொல்வதில்லை. தமிழ் பேசுகிற எங்களுக்கும் அது ஹம்ப்தான். மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்திலிருந்து ஸ்கூட்டர் வெளியே வந்து, குழந்தை டாக்டரின் கிளினிக்கைச் சேர்வதற்குள் எத்தனை ஹம்ப், எது எப்படிப்பட்டது என்று எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருப்பது அகலமானது, வண்டி மெதுவாக ஏறி இறங்கிவிடும். கோழிக்கடைக்கு எதிரில் இருப்பது கடைக்காரர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துக் கட்டியது. குட்டையானது, கூரானது. அதுதான் மோசம். அது கண்ணில் பட்டதுமே என் மகளின் முகம் சுருங்கும், உதடு பிதுங்கும். வண்டி அதன்மேல் ஏறுவதற்குள் வீறிட்டு அழத் தொடங்கியிருப்பாள்.

"இந்தக் குட்டிக்கு ஹம்ப் எங்க இருக்குன்னு கார்ப்பரேஷன்காரனைவிட நல்லாத் தெரியும்," என்பார் என் மாமியார். அவர் அதைச் சிரிப்பாகச் சொல்வார். என்னால் சிரிக்க முடியவில்லை. பத்து மாதக் குழந்தை, தோளில் முகம் புதைத்திருக்கும்போதுகூட, ரோட்டைப் பார்க்காமலேயே எப்படி அழ முடியும்? ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இந்த அளவு திடுக்கிடல் இருக்கலாமா? இது பயமா, இல்லை மூளையில் நரம்பில் ஏதாவதா? குழந்தைக்கு வலிப்பின் தொடக்கம் இப்படியும் இருக்கலாம் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடியிறக்கும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் வீட்டாருக்கும் பூர்வீகம் என் ஊர் ராமாபுரம் பக்கம்தான். குலதெய்வம் அந்த ஊரைத் தாண்டி ஒரு அம்மன். முதல் முடியை அங்கேதான் இறக்க வேண்டும், அதுவும் ஒற்றைப்படை மாதத்தில். ஏழாம் மாதம் சளி என்று தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் மாதம் மழை என்று தள்ளிப்போட்டேன். பதினொன்றும் போனால் பிறகு மூன்றாம் வயதில்தான்.

"மூணு வயசு வரைக்கும் அம்மனுக்குச் சொன்ன முடிய வச்சிருக்கறது சரியில்லம்மா," என்றார் மாமியார். "பஸ்ஸுல நாலு மணி நேரம். ஆயிடும். எல்லாருந்தான் போறாங்க."

எல்லாரும் போகிறார்கள்தான். நானும் ஒருமுறை போனேன்.

நான் இயற்பியல் படித்தவள். பத்தாவது வரை மேட்டூர்ப் பக்கம் சித்தி வீட்டில் தங்கித் தமிழ்வழியில் படித்தேன், அதனால் ஆக்ஸிலரேஷன் எனக்கு முடுக்கம். பிறகு மைசூரில் கல்லூரி, பிறகு பிளஸ் டூ வகுப்புகள் நடக்கும் ஒரு பி.யூ. கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆசிரியை வேலை. அங்கே பிள்ளைகளுக்கு அது கன்னடத்தில் வேகோத்கர்ஷ, இல்லாவிட்டால் ஆக்ஸிலரேஷன். பெயர் எதுவானாலும் விஷயம் எளிது. வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பது முடுக்கம். பஸ் கிளம்பிச் சீராக வேகம் எடுக்கும்போது முதுகு சீட்டில் அழுந்துகிறதே, அதுதான். அந்த அழுத்தம் ஒரே அளவாக இருந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். கழுத்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். தூங்கக்கூட முடியும்.

ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அந்த முடுக்கமே திடீர்னு மாறினா?"

அதற்கும் பெயர் உண்டு, ஜெர்க் என்றேன். பாடத்தில் இல்லை, பரீட்சைக்கு வராது என்றும் சொன்னேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட மனமில்லாமல், சிட்டி பஸ்ஸை உதாரணம் காட்டினேன். டிரைவர் பிரேக் போடுகிறார், எல்லோரும் முன்னால் சாய்கிறோம், கால் ஊன்றிச் சமாளிக்கிறோம். அதில் ஒன்றும் இல்லை. பஸ் முழுசாக நிற்கிற அந்தக் கணத்தில்தான் நிற்பவர்கள் எல்லோரும் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறோம். ஏன்? அதுவரை தள்ளிக்கொண்டிருந்தது சட்டென்று இல்லாமல் போய்விட்டது. நாம் இன்னும் அதை எதிர்த்துக்கொண்டு நிற்கிறோம். விழுவது விசை அதிகமானதால் இல்லை, விசை மாறியது உடம்புக்குத் தெரிவதற்கு நேரம் கிடைக்காததால். தமிழில் இதை யாரோ திடுக்கம் என்று எழுதியிருந்ததைப் பின்னாளில் பார்த்தேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்தச் சொல்லை நான் படித்ததில்லை. இருந்தாலும் பார்த்த அன்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பு எடுத்தபோது நான் கர்ப்பமாக இருந்தேன். இவள் இல்லை. இவளுக்கு முன்னால் ஒன்று.

மூன்றாம் மாதம். என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ராமாபுரம் போனோம். ஹனூர் தாண்டியதும் ஒரு திருப்பம், அதை ஒட்டி வண்ணம் பூசாத ஒரு ஹம்ப். டிரைவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பஸ் அதே வேகத்தில் ஏறிவிட்டது. எல்லோரும் சீட்டைவிட்டு எழும்பி விழுந்தோம். பின்னால் ஒரு ஆள் டிரைவரைக் கன்னடத்தில் திட்டினார், இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அப்போது வலிக்கக்கூட இல்லை. அந்த வாரமே கரு கலைந்தது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். கரு உருவானதிலேயே கோளாறு இருந்திருக்கும், பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, குழந்தை தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருக்கும், அந்தக் குலுக்கல் அங்கே போகாது. நான் தலையாட்டினேன். தண்ணீருக்குள் இருக்கும் பொருளுக்கு அதிர்ச்சி எப்படிக் குறையும் என்று எனக்கே வகுப்பெடுக்கத் தெரியும். வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லவில்லை. "இந்த நேரத்துல அலுங்காம குலுங்காம இருக்கணும்னு தெரியாதா," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அதுவும் நான் பக்கத்து அறையில் இருக்கும்போது. இரண்டில் எதை நம்புகிறேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பகலில் டாக்டரம்மாவை நம்புவேன். வண்டியில் ஏறினால் மற்றவர்களை.

அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஆனால் என் மனதில் அது வளர்வதை நிறுத்தவில்லை. எல்.கே.ஜி. சேர்க்கும் பருவத்தில் தெருவில் புதுப் பைகளோடு பிள்ளைகள் போனபோது, இதற்கு எந்தப் பள்ளி என்று யோசித்துவிட்டுத் திடுக்கிட்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. இவள் பிறந்தபின் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

குழந்தை டாக்டர் கன்னடக்காரர், என்னைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்த தமிழைக் கன்னடத்தோடு கலந்து பேசுவார். மகளைப் படுக்கவைத்து, கைதட்டி, டார்ச் அடித்து, முழங்காலில் தட்டிப் பார்த்தார். அவள் அவருடைய பேனாவைப் பிடுங்கினாள்.

"ஏனு இல்லம்மா, ஒண்ணும் இல்ல. சூப்பரா இருக்கு பாப்பா."

"டாக்டர், ஹம்ப் வந்தாலே தூக்கிவாரிப் போட்ட மாதிரி…"

"அழு ஃபர்ஸ்ட்டா, ஹம்ப் ஃபர்ஸ்ட்டா?"

"அழுகைதான் ஃபர்ஸ்ட்."

அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "கரெக்ட்டா நோடிட்டு ஹேளும்மா. ஹம்ப்புக்கு முந்தி ஏனாகுது? அப்புறம் ஏனாகுது? நீங்க டீச்சர் அல்வா?"

சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள், நீங்கள் டீச்சர்தானே என்று சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. வகுப்பில் செய்துகாட்ட நான் ஃபோனில் ஒரு ஆப் வைத்திருந்தேன், ஃபோன் ஆடும்போது முடுக்கத்தைக் கோடாக வரையும். கணவர் ஃபோனிலும் அதை இறக்கினேன். அவருடைய ஃபோனை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் துணி சுற்றி ஆடாமல் வைத்தேன். என்னுடையதைக் குழந்தையைக் கட்டிக்கொள்ளும் துணிப்பையின் முதுகுப்பக்கம் தைத்தேன். இரண்டு கோடுகளையும் பிறகு பொருத்திப் பார்க்க வேண்டுமே என்று, ஸ்கூட்டர் பெட்டியருகே குனிந்து இரண்டு ஃபோன்களையும் ஒன்றோடொன்று ஒரு தட்டுத் தட்டினேன்.

"ராக்கெட் விடப் போறோமா?" என்றார் கணவர்.

"நீங்க மெதுவா ஓட்டுங்க போதும்."

"இதுக்கு மேல மெதுவான்னா வண்டிய நிறுத்திட்டுத் தள்ளணும். நடந்து போறவங்க நம்மள ஓவர்டேக் பண்றாங்க."

அன்று மாலை, மகள் மாமியார் மடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, நான் கோடுகளைப் பார்த்தேன். முதலில் உயரத்தைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஹம்ப்பிலும் ஸ்கூட்டரின் கோடு ஒரு குன்றுபோல் எழுந்து இறங்கியிருந்தது. குழந்தையின் கோட்டிலும் அதே குன்று, என் உடம்பு தாங்கிக்கொண்டதால் கொஞ்சம் சின்னதாக. ஹம்ப்புக்கு முன்னால் பெரிதாக ஒன்றுமே இல்லை. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் தாங்குகிறேன், அவளுக்குக் குறைவாகத்தான் போய்ச் சேருகிறது.

பிறகு சந்தேகம் வந்தது. எனக்கு எப்போதும் நிம்மதியின் பின்னாலேயே சந்தேகம் வந்துவிடும். கோட்டின் உயரம் முடுக்கம்தானே? அது எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்பதல்லவா நான் பார்க்க வேண்டியது? கோட்டை விரித்துப் பெரிதாக்கினேன். குழந்தையின் கோட்டில், ஒவ்வொரு குன்றுக்கும் சற்று முன்னால், மெல்லிய முள் ஒன்று இருந்தது. உயரமே இல்லை, சாதாரணமாகப் பார்த்தால் தூசி என்று விட்டுவிடலாம். ஆனால் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது. ஸ்கூட்டரின் கோட்டில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடுக்கம் என்று பார்த்தால் ஹம்ப்பில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஜெர்க் என்று பார்த்தால் கோழிக்கடை ஹம்ப்பைவிட அதிகம்.

ஃபோன் சரியாகத் தைக்கப்படவில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் பிரித்துத் தைத்தேன். மறுபடி அதே முள்.

அன்றும் குழந்தை கஞ்சி வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. ஸ்கூட்டருக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது நான் மட்டும்தான். ஹம்ப் கண்ணில் பட்டதும் என் இரண்டு கையும் அவளைச் சட்டென்று இறுக்குகின்றன. எனக்கே தெரியாமல். அவளுக்கு ரோட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. முதலில் அம்மாவின் கை வெட்டி இறுகும், அம்மாவின் விலா எலும்பு அவள் நெஞ்சில் குத்தும், அடுத்த நொடி உலகம் தூக்கிப்போடும். பத்து மாதமாக அவள் கற்றுக்கொண்ட பாடம் இது. கற்பித்த ஆசிரியை நான்.

கணவரிடம் காட்டினேன். அவருக்குக் கோடு புரியவில்லை, விஷயம் புரிந்தது.

"அப்போ பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பாடா," என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, நாளைலேர்ந்து லூஸா பிடி," என்றார்.

லூஸாகப் பிடிக்க முயன்றேன். ஹம்ப் வருகிறது, இறுக்காதே, இறுக்காதே என்று சொல்லிக்கொண்டே போனேன். அன்றைய முள் முன்னைவிடச் செங்குத்தாக இருந்தது.

பதினொன்றாம் மாதத்தில் நல்ல நாள் பார்த்துவிட்டார்கள். இனித் தள்ளிப்போடக் காரணம் இல்லை. குழந்தை வழிநெடுக வீறிட்டுக்கொண்டே வந்தால், அதே மிரட்சியோடு போய் அங்கே கத்திக்கு முன்னால் உட்கார வேண்டும். முடியிறக்குகிறவரின் கத்தி அவளுடைய தலையில் இருக்கும்போது அவள் ஒருமுறை திடுக்கிட்டால் போதும். இதை நான் யாரிடமும் சொல்லாமலே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றியது. பஸ்ஸில் ஏறியதும் மாமியாரே, "கொண்டா, அவன் வச்சிக்கட்டும். நீ எங்கூட இப்படிப் பின்னாடி உக்காரு," என்றார்.

முன்சீட்டில் கணவர் மடியில் அவள். அவர் தோளுக்கு மேல் அவளுடைய உச்சிமுடி மட்டும் தெரிந்தது. நான் வழியோரமாக உட்கார்ந்தேன்.

"உள்ள தள்ளி உக்காரும்மா. ஜன்னல் பக்கம் காலியாத்தானே இருக்கு? நா எங்க உக்கார்றது?"

"நீங்க போய் உக்காருங்க அத்தை."

"சாயங்காலக் காத்து எனக்கு ஆகாது. உனக்கு என்ன, அங்க யாராவது உக்காந்திருக்காங்களா?"

காலியாக இருந்த சீட்டின்மேல் கையை வைத்தேன், பெயர் வைக்காத அந்தக் குழந்தைக்கு இடம் பிடிப்பதுபோல். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்க சீட்டில் போய் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். கொள்ளேகால் வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு ஒரு கடலை உருண்டையை நீட்டினார்.

முதல் ஹம்ப்பில் முன்சீட்டு உச்சிமுடி எழும்பி இறங்கியது. அழுகை வரவில்லை. இரண்டாவதில் "பா" என்று ஒரு சத்தம். கணவர் திரும்பி, "பாத்தியா?" என்றார். பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனாலும் என் மகள் என் கையைவிட்டுப் போனதும் நன்றாக இருக்கிறாள் என்பதை எந்தத் தாய் முழுச் சந்தோஷத்தோடு பார்ப்பாள்?

ஹனூர் வந்தது. நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் திருப்பம், அதை ஒட்டிய புளியமரம். இப்போது வரும். கால்களை ஊன்றினேன். அடுத்த திருப்பமும் போனது. ஒருவேளை இன்னும் தள்ளி இருக்கும். பஸ் சீராக வேகம் எடுத்துக்கொண்டிருந்தது, முதுகு சீட்டில் ஒரே அளவாக அழுந்தியது. புது ரோடு, கறுப்பாக, வெள்ளைக் கோடுகளோடு. ராமாபுரம் கடைகள் தெரியத் தொடங்கியபோதுதான் புரிந்தது, அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள். ரோடு புதிதாகப் போட்டபோது மட்டமாக்கிவிட்டார்கள். நான் ஐந்து வருடமாக அங்கேயே தூக்கிப் போடப்பட்டுக்கொண்டிருந்தேன், அங்கே ஒன்றும் இல்லை. எதிர்த்து நிற்க ஏதும் இல்லாமல் போனதும் எனக்கு உடம்பெல்லாம் ஆட்டம் கண்டது. இறங்கும்போது மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கோயிலில் என் தம்பி கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தாய்மாமன் மடியில்தான் முதல் முடி இறக்க வேண்டும். புது வேட்டி அவனுக்கு நழுவிக்கொண்டே இருந்தது. முடியிறக்குகிறவர் வயதானவர், அவளுடைய தலையைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். அவள் அவருடைய கிண்ணத்தைப் பிடிக்கப் பார்த்தாள்.

"தலையை யாருங்க பிடிக்கறது? அம்மாதானே?" என்றார் அவர்.

எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மாதான் பிடிப்பார்கள். நான் முன்னால் போய்க் குனிந்துவிட்டேன். என் இரண்டு கைகளும் அவளுடைய கன்னங்களுக்குப் பக்கத்தில் போய்விட்டன. தம்பி நிமிர்ந்து பார்த்தான். மாமியாரும் கணவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் பிடித்தே இருப்பேன்.

"நீயே புடிச்சுக்க," என்றேன் தம்பியிடம்.

"நானா? எனக்குப் பயமா இருக்குதுக்கா."

"பரவால்ல. பயந்தாலும் உன் கை வெட்டி இறுகாது."

"அப்பன்னா நீ அந்தாண்ட போ. நீ நின்னு பாத்தீன்னா எனக்கு அதுவும் வந்துரும்."

கோயில் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றேன். அங்கிருந்து எதுவும் தெரியாது. காய்ந்த மாலைகளைக் கொட்டும் இடம். கத்தி படுகிற சரசரப்புக் கேட்டது, விட்டு விட்டு. யாரோ பேசினார்கள், தம்பி ஏதோ பாட்டு மாதிரி முனகினான். என் கைகளைச் சுவரில் விரித்து வைத்துக்கொண்டேன், கல் சூடாக இருந்தது. அழுகை வரவில்லை. அவள் சத்தத்துக்காகக் காது கொடுத்தே நின்றேன். வரப் போகிறது என்று ஒவ்வொரு சரசரப்புக்கும் என் விரல்கள் கல்லை அழுத்தின. கல்லுக்கு அது தெரியவில்லை.

பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அவள் அழுதாள். குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்தால் எந்தக் குழந்தையும் அழுகிற அழுகை, தண்ணீர் விழுந்த பிறகு வந்த அழுகை.

"அக்கா, வா! முடிஞ்சுது, ஒரு கீறல் இல்ல!" என்று தம்பி கத்தினான்.

நான் உடனே போகவில்லை. அவள் அழுது, ஓய்ந்து, யாரோ எதையோ காட்ட அதைக் கேட்டுச் சிணுங்குகிற வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தேன்.